சனிக்கிழமை மத்தியானம் இப்போ போன் வர்றதில்லைங்க

கவுந்தப்பாடியில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. கம்ப்யூட்டர் விற்கிற கடை என்று நினைத்துவிடாதீர்கள். ஜெராக்ஸ், பட்டா சிட்டா, கரன்ட் பில், காதுகுத்துப் பத்திரிகை, அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் ஜெராக்ஸ் மெஷினைவிட என் போன்தான் அதிகமாகச் சூடாகும். அன்றைக்குத்தான் எங்கள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நாட்டுச்சர்க்கரை ஏலம். பஞ்சாமிர்தத்துக்காகப் பழனி தேவஸ்தானம் சர்க்கரை வாங்குகிற இடம். ஏலத்தில் என்ன விலை நின்றது என்று தெரியாமல் சுற்றுவட்டாரத்து ஆலைக்காரர் யாருக்கும் சோறு இறங்காது.

"ஏனுங் தம்பி, மொதல் தரம் மூட்டை எவ்வளவுக்குப் போச்சுங்க?"

60 கிலோ மூட்டைக் கணக்கில் சொல்வேன். வைத்த கையோடு அடுத்த போன். அதே கேள்வி. ஒரு சனிக்கிழமை எண்ணிப் பார்த்தேன், 43 போன். பத்திரிகைக்கு மேட்டர் கொண்டுவந்த ஒரு அம்மா, "நீங்க சக்கர யாவாரமுங்களா?" என்று கேட்டுவிட்டது.

வியாபாரம் அப்பாவோடு போயிற்று. அவர் ஆலை ஓட்டியவர். ஏலத்துக்கு அவரோடு போய் விலையை நோட்டில் எழுதிவைத்த பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. 2009-ல் அந்த நோட்டை அப்படியே இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தேன். நாட்டுச்சர்க்கரை, சித்தோட்டு வெல்லம் (அது 30 கிலோ சிப்பக் கணக்கு), அப்புறம் மஞ்சள். மஞ்சளுக்கு மட்டும் நாலு இடம்: ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், ஈரோடு கூட்டுறவுச் சங்கம், கோபி கூட்டுறவுச் சங்கம். ஒவ்வொன்றிலும் விரலி தனி, கிழங்கு தனி. பத்து நிமிசத்தில் அடித்துவிடலாம். அடித்தாயிற்று என்று நாலு பேருக்குத் தெரிவிப்பதில்தான் நாள் போகும்.

ஆரம்பத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குப் புரிய பத்து வருசத்துக்கு மேல் ஆனது. அப்போது பிளாக்ஸ்பாட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, அதாவது பல பேருடைய வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டுகிற தளம், நன்றாக நடந்துகொண்டிருந்த காலம். ஒரு பதிவு போட்டால் கொஞ்ச நேரத்தில் அங்கே தலைப்பு வந்துவிடும், அதைப் பார்த்துத் திருநெல்வேலியிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆள் வருவார்கள். அதைத் திரட்டியின் மாயம் என்று நினைத்திருந்தேன். என் பதிவுக்குள் நான் கேட்காமலே புதுப் பதிவுகளை வரிசையாகச் சொல்கிற ஒரு ஓடை (ஃபீட்) இருந்ததும், திரட்டி அதைத்தான் படித்துக்கொண்டிருந்ததும் அப்போது தெரியாது. 2014-ல் "சொந்தமா ஒரு சைட்டு இருக்கோணும்" என்று வீம்புக்கு நானே பி.எச்.பி. படித்து ஒன்று கட்டினேன். பார்க்க நன்றாக இருந்தது. ஓடை இல்லை. வந்துகொண்டிருந்தவர்கள் சத்தமில்லாமல் நின்றுபோனார்கள், தமிழில் விலை பார்க்கிற ஆர்வமே மக்களுக்குக் குறைந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன்.

ஆள் தேடி ஒரு பெரிய சமூக ஊடகத்துக்குப் போனேன். பேர் வேண்டாம். முதல் வருசம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால், கோபிக்காரருக்கு கோபி விலை போகவில்லை. மூன்று நாள் கழித்து ஒருவருக்குச் சனிக்கிழமை விலை காட்டுகிறது. என் பெண்ணின் பிறந்தநாள் கேக்குப் படம் மட்டும் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலோ அந்தியூர் சந்தையிலோ தரகர்கள் கையின்மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. யாருக்கு எதைக் காட்டுவது என்று அந்த ஊடகம் முடிவுபண்ணுகிற விதமும் அப்படித்தான். துண்டுக்குள் எத்தனை விரல் என்று எழுதுகிறவனுக்கும் தெரியாது, படிக்கிறவருக்கும் தெரியாது.

2021 மாசியில், மஞ்சள் வரத்து சூடுபிடித்த நேரத்தில், பக்கத்தை முடக்கிவிட்டார்கள். தினமும் ஒரே மாதிரி நாலு பதிவு போடுவது சந்தேகத்துக்குரிய நடவடிக்கையாம். மஞ்சள் விலையை வேறு எந்த மாதிரிப் போடுவது? வெண்பாவிலா? 19 நாள் கழித்துத் திறந்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. அந்த 19 நாளும் போன்தான்.

அந்த வாரம் அக்கா மகன் வந்திருந்தான். பெருந்துறைப் பக்கம் என்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். என் புலம்பலை முழுசாகக் கேட்டுவிட்டு, "மாமா, உங்க சைட்டுல ஆர்.எஸ்.எஸ். இல்லீங்களா?" என்றான். அது என்ன என்றேன். என் பழைய பிளாக்ஸ்பாட்டில் இருந்து, 2014-ல் நான் தொலைத்ததை எனக்கே விளக்கினான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆர்.எஸ்.எஸ். என்கிற இந்த ஓடை உங்கள் தளத்திலேயே இருக்கிற ஒரு சின்னக் கோப்பு. கடைசியாக எழுதிய பத்து இருபது விசயங்கள் அதில் வரிசையாக இருக்கும்: தலைப்பு, இணைப்பு, தேதி, உள்ளடக்கம். வண்ணம் கிடையாது, படம் கட்டாயமில்லை, விளம்பரம் கிடையாது. படிக்கிறவர் தன் போனில் ஒரு ஓடைபடிப்பானை வைத்துக்கொண்டு உங்கள் முகவரியை ஒரு தடவை கொடுத்துவிட்டால் போதும். அந்தச் செயலி அவ்வப்போது வந்து, "போன தடவைக்கு அப்பறம் புதுசா ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்கும். இல்லையென்றால் சர்வர் 304 என்று ஒரு எண்ணை மட்டும் சொல்லி அனுப்பிவிடும். இருந்தால் கோப்பைக் கொடுக்கும். நீங்கள் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை.

செய்தியோடை என்று தமிழில் சொல்கிறோம். எங்கள் பக்கம் ஓடைக்குப் பள்ளம் என்று பேர். 'விலைப் பள்ளம்' என்று பலகை வைத்தால் விலை விழுந்துவிட்டது என்று ஊரே கலங்கிப்போகும் என்பதால் ஓடை என்றே விட்டுவிட்டேன்.

இந்த ஆர்.எஸ்.எஸ். இன்று நேற்று வந்ததும் இல்லை. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்துக்காக முதல் வடிவத்தைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்தவர். இன்னொருவர் டான் லிப்பி. அடுத்த வருசம் டிசம்பரில் இன்னொரு குழு 1.0 என்று ஒன்றை வெளியிட்டது. அந்தக் குழுவில் இருந்த ஆரன் சுவார்ட்சுக்கு அப்போது வயது 14. டேவ் வைனர் இன்னொரு கிளையைப் பிடித்துக்கொண்டு 2002-ல் 2.0 கொண்டுவந்தார். பங்காளிச் சண்டை மாதிரி ஆளுக்கொரு வரப்பு. அந்தச் சண்டையே வேண்டாம் என்று வேறொரு கூட்டம் ஆட்டம் (Atom) என்ற வடிவத்தை எழுதி 2005 டிசம்பரில் தரமாக்கியது. பயப்பட வேண்டாம். இன்றைக்கு இருக்கிற படிப்பான்கள் 2.0-வையும் ஆட்டத்தையும் ஒரே மாதிரி படிக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடலாம்.

"கூகுள் ரீடரை மூடினப்பவே அது செத்துப்போச்சுங்களே" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. 2013 ஜூலை 1-ல் மூடினார்கள், நிஜம்தான். ஆனால் மூடியது ஒரு படிப்பானை. தளங்களில் இருந்த ஓடைகள் மறுநாள் காலையிலும் ஓடின. ஜனம் தன் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி எடுத்துக்கொண்டு வேறு படிப்பானுக்குப் போனது. நம் வயலுக்கு வருகிற வாய்க்கால் இருக்கிறவரை மண்வெட்டி உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். நான் 19 நாள் தவித்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே என்னைப் பின்தொடர்ந்தவர்களின் பட்டியல் என்னிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை.

ஓடையை வைத்தபின் முதலில் நடந்த மாற்றம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். கடைக்காரர் அண்ணன் போனில் படிப்பானைப் போட்டுக் கொடுத்தேன். சனிக்கிழமை விலை வந்ததும் அதைப் பார்த்து வாசல் கரும்பலகையில் சாக்பீசில் எழுதிவிடுவார். வடை விலைக்குக் கீழே நாட்டுச்சர்க்கரை விலை. அந்தப் பலகைதான் இன்றைக்கு எங்கள் ஊரில் என் தளத்தின் பெரிய வாசகர் வட்டம். இன்டர்நெட் என்றால் என்னவென்று கேட்காத ஆள்கூட அதைப் படித்துவிட்டுப் போகிறார். எனக்கு வந்த போனில் பாதி அந்த மாசமே நின்றது.

அக்கா மகன் இன்னொரு வேலை செய்தான். என் ஓடையைப் படித்து டெலிகிராம் சேனலில் தானாகப் போடுகிற மாதிரி ஒரு சின்ன நிரல். மின்னஞ்சல் கேட்டவர்களுக்கு அதே ஓடையிலிருந்து மின்னஞ்சல். அவன் சிநேகிதி ஒருத்தி புராஜெக்டுக்காக அதிலிருந்தே விலை வரைபடம் போட்டாள். என்னிடம் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. முன்பெல்லாம் ஒரே விலையைத் தளத்தில் ஒரு தடவை, வாட்ஸ்அப் குழுக்களில் ஏழு தடவை, அந்தப் பெரிய ஊடகத்தில் ஒரு தடவை அடிப்பேன். ஒரு இடத்தில் ஒரு சைபர் விட்டுப்போய் ஒரு ஆலைக்காரர் ராத்திரி முழுக்கத் தூங்காத கதையும் உண்டு. இப்போது ஒரு தடவைதான் அடிக்கிறேன். தப்பு இருந்தால் ஒரு இடத்தில் திருத்துகிறேன். எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. பாட்காஸ்ட் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த ஒலிப்பதிவுகளும் இதே ஆர்.எஸ்.எஸ். ஓடையில் கோர்த்துத்தான் உங்கள் போனுக்கு வருகின்றன. செத்த தொழில்நுட்பத்தைத்தான் தினமும் காதில் மாட்டிக்கொண்டு நடக்கிறீர்கள்.

ஓடத்துறைப் பக்கம் ஆலைக்காரப் பெரியப்பா ஒருவர். வயசு எண்பதைத் தாண்டிவிட்டது, கண்புரை ஒரு கண்ணில் எடுத்து ஒரு கண்ணில் எடுக்கவில்லை. என் தளத்தில் நான் ஆசைப்பட்டுப் போட்ட மஞ்சள் நிறப் பின்னணி அவருக்கு வெறும் புகை. படிப்பானில் எழுத்தைத் தேவையான அளவு பெரிசாக்கி, வெள்ளையில் கறுப்பாகப் போட்டுக் கொடுத்தேன். "இப்பத்தான் கண்ணு உன்ற எழுத்து எனக்கு எட்டுது" என்றார். வடிவமைப்பில் நான் பட்ட பாடெல்லாம் எனக்காகப் பட்டது என்று அன்றைக்குத் தெரிந்தது.

டேட்டா விசயமும் உண்டு. கணினியில் தமிழ் எழுத்து கொஞ்சம் கனம். யுனிகோடை இணையத்தில் வழக்கமாக எழுதுகிற யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், 'கி' என்று ஒரு எழுத்து போட்டால் 6. அப்படியிருந்தும் முப்பது வரி விலைப்பட்டியல் சில கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. என் முகப்புப் பக்கம் படத்தோடு 2 மெகாபைட்டைத் தாண்டும். சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு வருகிற தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது சின்ன வித்தியாசமில்லை. படிப்பான் முன்கூட்டியே இறக்கிவைத்துவிட்டால் சிக்னலே இல்லாவிட்டாலும் படிக்கலாம்.

நம்பர் விசயம் ஒன்று. வாட்ஸ்அப் குழு நடத்தியபோது உர வியாபாரி ஒருத்தர் வந்து, "அதுல இருக்கற நம்பர் பூராக் குடுங்க, பாத்துச் செய்யலாமுங்க" என்றார். கொடுக்கவில்லை. ஆனால் குழுவில் இருந்த யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஓடையில் அந்த வெசனமே இல்லை. யார் படிக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. குட்மார்னிங் ரோசாப்பூவும் கிடையாது.

ஓடையை நானே கையால் எழுதியதால் நிறைய அடி வாங்கினேன். முதல் அடி தேதி. தமிழ்த் தளம் என்ற பெருமையில் 'சனி, ஆடி 12' என்று தேதியைப் போட்டேன். படிப்பான்களுக்கு ஆடி தெரியாது, ஆவணி தெரியாது. ஆர்.எஸ்.எஸ். கேட்கிற தேதியில் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கத்தில்தான் இருக்க வேண்டும். சரி என்று மாற்றினால், நேர வித்தியாசத்தைப் போட மறந்து, சாயங்காலம் 4 மணிக்குப் போட்ட விலை ராத்திரி 9:30 என்று வந்தது. ஐந்தரை மணி நேரம் முன்னால் போய் வருங்காலத்தில் நின்றது என் சர்க்கரை.

இரண்டாவது, அந்தச் சுருள் குறி. ஆங்கிலத்தில் 'அண்ட்' என்பதற்குப் பதிலாகப் போடுவோமே, அது. ஒரு தலைப்பில் வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் நடுவில் அழகுக்காக அதைப் போட்டேன். ஓடை எழுதுகிற எக்ஸ்.எம்.எல். கோப்பில் அதை வெறுமனே போடக் கூடாது, அதற்கென்று ஒரு மாற்று எழுத்துக்கூட்டு இருக்கிறது. ஒரே ஒரு குறியால் ஓடை முழுக்க அடைத்துக்கொண்டது. தளம் நன்றாக இருந்ததால் நான் கவனிக்கவேயில்லை. 11 நாள் கழித்து அந்தப் பெரியப்பாதான் போன் பண்ணினார்.

"தம்பி, ஒடம்பு கிடம்பு நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்கறனுங்க பெரீப்பா. ஏனுங்க?"

"இல்ல, வெலயே வரக்காணோம். அதுதான் கேட்டேன்."

19 நாள் பக்கம் முடங்கியபோது ஐம்பது பேர் விலை கேட்டு அழைத்தார்கள். உடம்பை யாரும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஓடை சரிபார்க்கிற தளம் ஒன்றில் கோப்பைக் கொடுத்துப் பார்த்தேன். இந்த வரியில் இந்தக் குறி என்று விரல் வைத்துக் காட்டியது. இப்போது மாசம் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

மூன்றாவது அடிதான் பெரியது. போன வருசம் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றினேன். ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத அடையாளம் ஒன்று உண்டு, ஆளுக்கு ஆதார் எண் மாதிரி. அதை வைத்துத்தான் படிப்பான் எது பழசு எது புதுசு என்று பிரிக்கும். சர்வரை மாற்றியபோது அடையாளங்கள் எல்லாம் மாறிவிட்டன. போதாக்குறைக்கு வரிசையும் தலைகீழாகிவிட்டது. விளைவு, 2009 விலைகள் இருபது, இன்றைய புதுச் செய்தியாக எல்லாருக்கும் போய் இறங்கின. டீக்கடை அண்ணன் ஒரு சந்தேகமும் படாமல் பலகையில் எழுதிவிட்டார். பதினாறு வருசத்துக்கு முந்தைய சர்க்கரை விலையைப் பார்த்து, பஸ்ஸுக்கு நின்ற ஒரு ஆலைக்காரர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். தண்ணீர் கொடுத்துத் தெளியவைத்தார்கள். பாவம், நான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அடையாளத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

குறையும் இருக்கிறது. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று சரியாகச் சொல்ல முடியாது. ஃபீட்லி மாதிரிச் சில படிப்பான்கள் கோப்பை எடுக்க வரும்போது 'எங்களிடம் இத்தனை சந்தாதாரர்' என்று சர்வர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகும், மற்றவை எழுதாது. விளம்பரக் காசை நம்பியிருக்கிறவருக்கு இது கசக்கும். அதனால் சிலர் ஓடையில் இரண்டே வரி போட்டு, மீதிக்குத் தளத்துக்கு வா என்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அது பந்தியில் இலையைப் போட்டுவிட்டு, சோறு அடுத்த தெருவில் என்று சொல்கிற மாதிரி. நான் முழுசாகத்தான் போடுகிறேன். இன்னொரு குறை, ஜனத்துக்கு இது இருப்பதே தெரியாது. ஃபயர்பாக்ஸ்கூட 2018 டிசம்பரில் வந்த பதிப்போடு தன் ஓடை வசதியை எடுத்துவிட்டது. ஆகவே ஆரஞ்சு நிற ஐகானை மூலையில் ஒட்டிவிட்டு ஆள் வருவார்கள் என்று உட்கார்ந்திருக்க முடியாது. கடைக்கு வருகிறவர் போனை வாங்கி நானே போட்டுக் கொடுக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்கிற நேரத்தில் முடிந்துவிடும்.

இதைப் படிக்கிற நீங்கள் வேர்ட்பிரஸ்ஸோ பிளாக்ஸ்பாட்டோ வைத்திருந்தால் ஓடை ஏற்கெனவே இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். முன்னால் நான் இருந்த மாதிரி, இருப்பதே தெரியாமல் இருக்காதீர்கள். கையால் கட்டிய தளம் என்றால் ஒரு சாயங்கால வேலை. தலைப்பகுதியில் ஓடையின் முகவரியைச் சொல்கிற ஒரு வரியை மறக்காதீர்கள், அது இருந்தால்தான் படிப்பான் தானாகக் கண்டுபிடிக்கும். கூகுளுக்குத் தள வரைபடம் கொடுக்கிற இடத்தில் இதே ஓடையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

ரிசர்வ் வங்கியே தன் செய்திக் குறிப்புகளுக்கு ஓடை வைத்திருக்கிறது. மஞ்சள் விற்கிற அந்த நாலு இடமும் ஆளுக்கு ஒன்று வைத்துவிட்டால் என் வேலை மிச்சம். நான் நோட்டை மூடிவிட்டு ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டிருப்பேன். கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வருகிற சனிக்கிழமை நோம்பி (பண்டிகை), ஏலம் கிடையாது. 'இந்த வாரம் ஏலம் இல்லை, எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது' என்று ஒரு வரி இப்போதே ஓடையில் போட்டுவிட்டேன். இல்லாவிட்டால் பெரியப்பா பஸ் ஏறி வந்துவிடுவார்.